ஆயிரம் வெள்ளிக்கு ஒரு படக்கொட்டகை

வீட்டில் படம் பார்ப்பதற்கென்று ஒரு கணினியைத் தாமே உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டிக்கொள்வது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு என்று, தோட்டப்புறத்தினின்றும் பட்டணத்துக்கு வந்த நம்மவர்களிற் பலர் எண்ணியிருக்கின்றனர். 2024ஆம் ஆண்டின் தொடக்கம் வரையில் நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது நம் அன்னையாரின் தகரப் பெட்டி.

அப்பெட்டியில் 140 தமிழ்ப் படங்கள் வீசிடி வட்டுகளாக அடுக்கப்பட்டிருந்தன. பால்மரம் வெட்டிய காலத்திலும், பின்னர்த் தோட்டம் விற்கப்பட்டுச் சுங்கைப் பட்டாணியின் ஓரத்தில் மலிவு வீடு ஒன்றுக்குக் குடிபெயர்ந்த காலத்திலும், சம்பளம் வாங்கிய கையோடு பட்டணத்துக் கடைத்தெருவில் அவர் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்தவை அவை. அவற்றுட் சில உரிமையின்றிப் பதித்து விற்கப்பட்டவை என்பதை மறைப்பதற்கில்லை. அன்று அதை யாரும் பெருங்குற்றமாக எண்ணவில்லை. இன்று எண்ணிப் பார்க்கச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. அது நிற்க, அவ்வட்டுகளை ஓட்டி வந்த கருவி ஒரு நாள் நின்றுபோயிற்று. பழுது பார்ப்பவர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “இதற்கு உள்ளே போடும் கண் இப்போது வருவதில்லை” என்று மூடித் தந்துவிட்டார்.

அன்னையார் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள், தம் சேமநிதிப் பணத்தில் எஞ்சியதாய், இறுதிச் செலவுக்கென்று முடிந்து வைத்திருந்த ஆயிரம் வெள்ளியை எடுத்து நம் கையில் வைத்தார். நாம் தயங்கினோம். “அந்தச் செலவுக்கு ஊரில் யாராவது கடன் கொடுப்பார்கள், தம்பி. படத்துக்கு எவன் கொடுப்பான்?” என்றார். அதற்குமேல் நாம் வாதாடவில்லை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு வெள்ளி வீணானாலும் அது எதிலிருந்து வீணாகிறது என்னும் நினைவு, பின்னர்க் கடைகடையாய் ஏறி இறங்கியபோதெல்லாம் நம்மை விடவில்லை.

முதலில் நாம் செய்த பிழை, கணினி அறிந்தோர் எழுதியவற்றை எல்லாம் படித்ததாகும். சத்தமே எழாத விசிறி வேண்டும் என்றார் ஒருவர். ஐந்து ஒலிபெருக்கியும் அதிர்வுப் பெட்டி ஒன்றும் இன்றேல் படம் பார்ப்பதே வீண் என்றார் மற்றொருவர். ‘போர் கே’ இல்லாத கருவியை வாங்குவது குப்பையை வாங்குவதற்குச் சமம் என்று சத்தியம் செய்தார் வேறொருவர். அவர்கள் வீட்டுக்கு அவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம். நம் வீட்டில் தலைக்குமேல் சுழலும் மின்விசிறி போடும் சத்தத்தில் கணினியின் விசிறி கேட்குமா என்று எண்ணிப் பார்க்க நமக்கு ஒரு வாரம் பிடித்தது. கெடாவில் மாலை மழை கூரையில் இறங்கினால் கதாநாயகன் கத்தினாலும் கேளாது. அங்கே சத்தமில்லாத விசிறிக்கு அதிகமாக 120 வெள்ளி கொடுப்பது எதற்கு?

பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு அமர்ந்து கணக்குப் போட்டோம். 1993இல் வகுக்கப்பட்ட வீசிடி முறையில், நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்குரிய படத்தின் அகலம் 352 புள்ளி, உயரம் 288 புள்ளி. பெருக்கினால் 101,376. நம் வீட்டுத் தொலைக்காட்சியோ 1920க்கு 1080, அதாவது இருபது லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். வட்டில் இருக்கும் ஒரு புள்ளியை இருபது புள்ளியாக விரித்தாற்றான் திரை நிறையும். ‘போர் கே’ என்பது அதனினும் நான்கு மடங்கு. வட்டில் இல்லாத அழகை எந்த யந்திரம் கொண்டுவந்து வைக்கும்?

ஒலியின் சங்கதியும் அப்படியே. அன்னையார் விரும்பும் படங்கள் 1950களிலும் 1960களிலும் வந்தவை. அவற்றின் ஒலி ஒற்றைத் தடத்தில் பதியப்பட்டது. அதை ஐந்து பெட்டிகளுக்குப் பங்கிட்டால் ஐந்திலும் ஒரே குரல்தான் வரும். திரையின் வடிவத்தையும் சொல்ல வேண்டும். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தியவை பெரும்பாலும் சதுரத்தை ஒட்டிய சட்டத்தில் அமைந்தவை. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் அவற்றை இழுத்து நிரப்பினால் ஒல்லியான நடிகையும் பூசணிக்காயாகிவிடுவார். இரு பக்கமும் கறுப்பு நிற்கட்டும் என்று விட்டுவிடுவதே முறை. அதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

இந்தக் கணக்கிற்குப் பிறகு நாம் வாங்க வேண்டிய உறுப்புகளின் வரிசையே தலைகீழாயிற்று. முதலில் வேண்டியது இப்போது யாரும் கேளாத ஓர் உறுப்பு, வட்டு படிக்கும் பெட்டி. அதை நாம் கேட்டபோது கடைப் பையன் சிரித்துவிட்டான். புதிய கேசிங்குகளில் அதைப் பொருத்த இடமே வைப்பதில்லை. ஆதலின் கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்கும் உள்ள புதியவற்றை விட்டு, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பழைய கறுப்புக் கேசிங்கை 30 வெள்ளிக்கு எடுத்தோம். அதன் முகத்தில் வட்டுப் பெட்டிக்கென்று அகலமான வாய் இருந்தது. வட்டுப் பெட்டியின் விலை 45 வெள்ளி.

அடுத்தது வன்தட்டு. கடைக்காரர் நான்கு டெராபைட்டுக்குக் குறைந்து வாங்கினால் பின்னால் வருந்துவீர்கள் என்றார். வீசிடி ஒரு நிமிடத்துக்குச் சுமார் பத்தரை மெகாபைட் எடுத்துக்கொள்கிறது. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றரை ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். 140 படங்களும் 220 ஜிகாபைட்டில் அடங்கிவிடும். எனவே 500 ஜிகாபைட் கொண்ட பழைய வன்தட்டு ஒன்று 40 வெள்ளிக்கு வாங்கினோம். அதன்மேல் கணினியின் இயக்கத்துக்கென்று 240 ஜிகாபைட் எஸ்எஸ்டி ஒன்று 80 வெள்ளிக்கு. இந்த இரண்டாவதில் மட்டும் சிக்கனம் கூடாது என்பது நம் அபிப்பிராயம். எழுபது வயது கடந்தவர் ரிமோட்டை அமுக்கிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருக்க மாட்டார். கெட்டுவிட்டது என்று அணைத்துவிடுவார்.

பவர் சப்ளையைப் பற்றி நாம் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். நம்மவர்களிற் பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். கேசிங்கோடு இனாமாக ஒன்று தருவார்கள். அதன் முதுகில் 500 வாட் என்று அச்சிட்டிருக்கும். கையில் எடுத்தால் காலிப் பால் டின்போல் இருக்கும். நமக்கு வேண்டிய கணினி படம் ஓட்டும்போது நாற்பது வாட் அளவே இழுப்பது. ஐந்நூறு எதற்கு, எது வந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்தப் பெட்டி ஒன்றுதான் சுவரிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் மற்ற எல்லா உறுப்புகளுக்கும் நடுவே நிற்கிறது. அது கெட்டுப் போகும்போது தான் மட்டும் போகாமல் கூட இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போவதுண்டு. இடியும் மின்னலும் மிகுந்த நாடுகளுள் நம் நாடும் ஒன்று. கோல மூடா வட்டாரத்தில் ஏப்பிரல், அக்டோபர் மாதங்களின் மாலைப்பொழுதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. எனவே 2004இல் தொடங்கிய ‘எய்ட்டி பிளஸ்’ என்னும் சோதனை முத்திரை பெற்ற ஒன்றை 160 வெள்ளி கொடுத்து வாங்கினோம். இழுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கையாவது பயனாகத் தர வேண்டும் என்பது அம்முத்திரையின் பொருள். இது இடியைத் தடுத்துவிடும் என்று யாரும் மயங்க வேண்டாம். இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்குவதே நம் வீட்டு வழக்கம்.

இனி நாம் பட்ட அடியைச் சொல்கிறோம்.

கணினிக்கு மூளைபோன்றது செயலி. அதை வாங்கப் பட்டணத்தில் ஒரு கடைக்குச் சென்று, ஐ3 வகையில் மலிவாக உள்ளது எது என்று கேட்டோம். 290 வெள்ளிக்கு ஒன்றை எடுத்து வைத்தார்கள். எண் 10100. அதற்குப் பின்னால் ஓர் எழுத்து இருந்தது. எண்ணைப் பார்த்தோம், எழுத்தைப் பார்க்கவில்லை. மதர்போர்டு 240 வெள்ளி. நான்கு நான்கு ஜிகாபைட்டாக இரண்டு ராம் 110 வெள்ளி. எட்டு ஜிகாபைட்டை ஒரே துண்டாக வாங்குவதைவிட இரண்டாக வாங்கினால் படம் வரையும் பகுதிக்கு வேகம் கூடும் என்று படித்திருந்தோம். எல்லாவற்றையும் கொண்டுவந்து இரவு பத்து மணி வரையில் திருகாணி முறுக்கிப் பூட்டினோம். பொத்தானை அமுக்கினோம். விசிறி சுற்றிற்று, விளக்கு எரிந்தது, தொலைக்காட்சி மட்டும் கறுப்பாகவே நின்றது. கம்பியை மாற்றினோம். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினோம். நாற்காலியில் சால்வை போர்த்து அமர்ந்திருந்த அன்னையார், “படம் எங்கே, தம்பி?” என்று மெல்லக் கேட்டார். அந்தக் கேள்விக்கு நாம் அன்று சொன்ன பதில் பொய். “நாளைக்கு ஒரு கம்பி வாங்கி வந்தால் சரியாகிவிடும்” என்றோம். அவர் தலையாட்டிவிட்டு உறங்கப் போனார். நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். பாயான் லெப்பாசில் செயலிகளைச் சோதித்து அனுப்பும் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறிப் பாலம் கடந்து போய்வருகிறவள். நாம் கழற்றி மேசைமேல் வைத்திருந்த செயலியை விளிம்பில் பிடித்து விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தாள். “மாமா, இது எப் ஆயிற்றே! இதில் படம் வராது” என்றாள்.

‘எப்’ என்று முடியும் செயலிகளில் படம் வரையும் பகுதி செயலற்றதாக்கப்பட்டிருக்கும். தனியே கிராபிக்ஸ் அட்டை வாங்கி மாட்டிக்கொள்வோருக்காக அவற்றைச் சற்று மலிவாக விற்கிறார்கள். அட்டை மாட்டும் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அது நல்ல சரக்கு; நமக்கோ கண்ணில்லாத முகம். படம் பார்க்கத்தான் வாங்குகிறோம் என்று கடையில் மூன்று முறை சொல்லியிருந்தோம். திரும்பக் கொண்டுபோனபோது, பெட்டி பிரிக்கப்பட்டுவிட்டது, எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்கள்மேல் எவ்வளவு கோபம் வந்ததோ அவ்வளவு நம்மேலும் வந்தது. எழுதியிருந்த எழுத்தைப் படியாமல் காசை நீட்டியவர் நாமன்றோ?

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைப் பினாங்கில் 1972இல் திறந்தது. அதே ஆண்டில் ஏஎம்டி நிறுவனமும் அங்கே வந்தது. 1996இல் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. லூனாஸ், பாடாங் செராய், பீடோங் என்னும் ஊர்களின் தோட்டங்களில் வளர்ந்த பெண்கள், தாயார் பிடித்த பால்வெட்டுக் கத்தியைத் தாம் பிடியாமல் இந்த ஆலைகளின் பூதக்கண்ணாடிக்கு முன் போய் அமர்ந்தார்கள். நாம் வாங்கிய அந்தச் செயலியின் உலோக மூடியிலும் ‘மலாய்’ என்று இங்கிலீஷ் எழுத்தில் பொறித்திருந்தது. நம் அண்டை வீட்டார் சோதித்துப் பொதி கட்டி அனுப்பும் பொருள், உலகைச் சுற்றி நம் பட்டணத்துக் கடைக்கு வந்து, அதைப் பற்றி ஒன்றும் அறியாத நம்மிடம் விலையாகிறது. அந்தப் பெண்ணிடம் முன்னரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கம்ப்யூட்டர் என்றால் சட்டை மடிப்புக் கலையாத ஆண்பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும் என்று நம் மனத்தில் ஓர் எண்ணம் படிந்திருந்தது. சீர்திருத்தம் பேசுகிற நமக்கும்தான்.

அவளே அந்தச் செயலியைத் தன் தம்பியின் கல்லூரித் தோழன் ஒருவனுக்கு 240 வெள்ளிக்கு விற்றுத் தந்தாள். படம் வரையும் பகுதியுள்ள அதே 10100 செயலியைப் பழையதாக 260 வெள்ளிக்கு வாங்கினோம். நட்டம் 50 வெள்ளி. அதை அன்னையாரின் பணத்தில் எழுதாமல் நம் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

செயலி வாங்குவோர் எழுத்தைப் போலவே தலைமுறையையும் பார்க்க வேண்டும். படங்களைச் சுருக்கி அனுப்பும் முறைகள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன. 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்இவிசி, விபி9, பின்னர் 2018இல் வந்த ஏவி1 என்பவை அவற்றுள் முக்கியமானவை. செயலியினுள்ளேயே இவற்றை அவிழ்க்கும் பகுதி இருந்தால் கணினி சூடேறாமல் ஓட்டும். இல்லையேல் மூச்சு வாங்கும். நாம் வாங்கிய பத்தாம் தலைமுறைச் செயலி முதல் மூன்றையும் தானே அவிழ்க்கும். ஏவி1 அதற்குத் தெரியாது. பழைய தமிழ்ப் படங்களை உரிமையாளர்களே யூடியூபில் ஏற்றி வைத்திருக்கும் இக்காலத்தில் இது சிறிய குறைதான். ஆயினும் குறை குறையே. 2023இல் வந்த என்100 என்னும் ஆறு வாட் செயலி நான்கையும் அறியும். உண்மையைச் சொன்னால், இன்று யாராவது நம்மிடம் யோசனை கேட்டால், உறுப்பு உறுப்பாக வாங்காதீர்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல், எச்பி, லெனோவோ கணினிகளில் படம் வரையும் பகுதியுள்ள ஒன்றை முழுதாகவே வாங்குங்கள் என்றுதான் சொல்வோம். 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றபின் அத்தகையவை ஏராளமாகக் கழித்துக் கட்டப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில் ராம் விலை ஏறிவிட்டதால், ராமோடு கூடிய பழைய கணினி இன்னும் லாபம். விண்டோசும் வேண்டுவதில்லை. லினக்ஸ் இலவசம், 2002இல் விளையாட்டுக் கருவிக்கென்று தொடங்கி 2014இல் கோடி என்று பெயர் மாறிய படம் ஓட்டும் செயலமைப்பும் இலவசம். நம் கணினியில் இருப்பவை அவ்விரண்டுமே.

ஐந்து ஒலிபெருக்கிகளுக்குப் பதிலாக இரண்டு பழைய பெட்டிகளை 100 வெள்ளிக்கு வாங்கினோம். அன்னையாருக்கு இடக்காது மந்தம். ஆதலின் இரண்டையும் அவர் நாற்காலிக்கு வலப்புறமாகவே வைத்தோம். ஒலியியல் அறிந்தவர்கள் பார்த்தால் நகைப்பார்கள். ரிமோட் ஒன்று 35 வெள்ளி. அதில் வேண்டாத பொத்தான்களின்மேல் கறுப்பு நாடா ஒட்டி, மேல், கீழ், சரி, நிறுத்து, ஒலி என்பவற்றை மட்டும் விட்டோம். ஆக மொத்தம் 1,150 வெள்ளி.

வட்டுகளைக் கணினிக்கு மாற்ற இரண்டு மாத மாலைகள் சென்றன. அன்னையார் ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுப்பார். நாம் பெட்டியில் இடுவோம். இந்த வேலையின் நடுவேதான் அவர் தோட்டத்தில் படம் பார்த்த கதைகளைச் சொன்னார். பெரட்டுக் களத்தில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்களாம். முன்பக்கம் கிராணியார் வீட்டு நாற்காலிகள். பாய் விரிக்க இடம் கிடைக்காதவர்கள் துணியின் பின்பக்கம் அமர்வார்கள். பின்பக்கத்தில் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான். 1946இல் ஏற்பட்ட மலாயா பிலிம் யூனிட் எடுத்த அரசாங்கப் படங்களையும் வண்டியில் கொண்டுவந்து காட்டுவார்களாம். கொசுவைப் பற்றியது முடிந்த பின்னர்தான் கதைப்படம் வருமென்று பிள்ளைகள் பொறுமையாக இருப்பார்களாம். “நான் அந்தப் படத்தைப் பின்னாலிருந்துதான் பார்த்தேன், முன்னாலிருந்து பார்க்க வேண்டுமென்றுதான் வட்டு வாங்கினேன்” என்று ஒரு வட்டு உறையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

140 படங்களில் 11 படங்களின் வட்டுகள் பூசணம் பிடித்துப் படிக்க முடியாமற் போயின. அவர் தடவிக்காட்டிய படத்தின் முதல் வட்டு நன்றாக ஓடியது. இரண்டாம் வட்டின் நடுவே வெள்ளித் தகடு உரிந்திருந்தது. யூடியூபிலும் தேடினோம்; அந்தப் படம் அகப்படவில்லை.

முதற்பாதியை ஒரு சனிக்கிழமை இரவு ஓட்டினோம். பக்கத்து வீட்டுப் பெண்ணும், அவள் தாயாரும், எதிர்வீட்டுப் பிள்ளைகள் நால்வரும் வந்திருந்தனர். படம் பாதியில் நின்றதும் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அன்னையார் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவர்கள் பக்கமாகத் திருப்பச் சொல்லி, எஞ்சிய கதையைத் தாமே சொல்லத் தொடங்கினார். பாட்டு வருமிடத்தில் பாடவும் செய்தார். அதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அன்று நாங்கள் திரையை அணைக்க மறந்துவிட்டோம். காலையில் பார்த்தபோது கணினி ஓடிக்கொண்டே இருந்தது.